ஏணி எட்டிய ஜன்னல்

பாதுகாப்பு வாரம் வந்துவிட்டால் போதும், கம்பெனிக்காரர்களுக்குத் தொழிலாளியின் உயிர்மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிடும். வருஷம் முழுக்க மூலையில் தூங்கிய தீயணைப்பு உருளைகளைத் துடைத்து வரிசையாக நிறுத்துவார்கள். 'வீட்டில் உனக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று வாசல் கேட்டில் பேனர் தொங்கும். வாரம் முடிந்த மறுநாள் பேனரைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் எறிந்துவிட்டு எல்லோரும் பழையபடி உற்பத்தியைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்தச் சட்டை தைக்கும் கம்பெனியும் இந்த விஷயத்தில் யாருக்கும் சளைத்ததில்லை.

2007-ஆம் வருஷம் அந்த வாரத்துக்கு ஒரு புதுச் சேர்க்கை வந்தது. சுற்றுவட்டாரக் கம்பெனிகள் எல்லாம் கூடி ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைக்கப்போவதாகவும், நல்ல மாடலுக்கு முதல் பரிசு உண்டென்றும் சொன்னார்கள். சேஃப்டி ஆபீசர் ஹரீஷ்குமார் அன்றைக்கே மெயின்டனன்ஸ் வெல்டர் சுடலைமுத்துவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார். சிவப்பு லாரி. அதன் முதுகில் நீளமான இரும்பு ஏணி, ஏணியின் நுனியில் ஆள் நிற்கிற கூண்டு. ஏணி நிஜமாகவே ஏற வேண்டும், திரும்ப வேண்டும், பக்கத்தில் நம் கம்பெனிக் கட்டடத்தையும் செய்து வைத்து அதன் மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து ஒரு ஆளைக் காப்பாற்றி இறக்க வேண்டும் என்றார். பார்க்கிற ஜட்ஜுகள் வாயைப் பிளக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்படியொரு வண்டியைச் சுடலைமுத்து டிவியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்து வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டிலேயே ஓட்டுகிறவன் அவன். பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி மேலே ஒரு வார்த்தை போடக்கூடியவர் ஹரீஷ்குமார் ஒருவர்தான். அதோடு, பொய் சொல்வானேன், அந்தப் படத்தைப் பார்த்ததுமே அவனுக்குக் கை பரபரத்தது.

அவன் மனைவி வீரலட்சுமி வேலை பார்த்தது அதே கம்பெனியில், அதே மூன்றாம் மாடியில், காலர் தைக்கும் செக்‌ஷனில். இறங்க ஒரே படிக்கட்டு, அதுவும் தளத்தின் அந்தக் கோடியில். அதன் பாதியை எப்போதும் அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும். ஜன்னல்களுக்கோ கம்பி. முன்பு கம்பி கிடையாது. தைத்த சட்டைகள் கட்டுக்கட்டாக ஜன்னல் வழியே பறந்து பின்சுவருக்கு அப்பால் யூகலிப்டஸ் தோப்பில் விழுவதும், அங்கே யாரோ பொறுக்கிக்கொண்டு போவதும் தெரியவந்தபோது ஜிஎம் கம்பி அடிக்கச் சொல்லிவிட்டார். அடித்தவன் வேறு யாருமில்லை, சுடலைமுத்துதான். அன்றைக்கு அவனுக்கு அது இன்னொரு வேலை, அவ்வளவே. அளந்தான், வெட்டினான், பற்றவைத்தான். "என்னைய உள்ள வச்சு அடச்சிட்டியளே" என்று வீரலட்சுமி வீட்டில் கேலி செய்தாள். இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

வண்டி வேலை சூடு பிடித்தது. பழைய பெயின்ட் டப்பாத் தகரத்தை வெட்டி வளைத்து முன்பக்கத்தைச் செய்தான். தேய்ந்துபோன ஒரு பேரிங்கை நடுவில் பதித்து, அதன்மேல் ஏணியை உட்கார வைத்தான், நாலாபக்கமும் வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஏணி மூன்று துண்டு, ஒன்றுக்குள் ஒன்று. பித்தளைக் கம்பியில் ஒவ்வொரு படியாகப் பற்றவைத்தது. வீரலட்சுமி கொண்டுவந்து கொடுத்த, தையல் மெஷினில் நூல் சுற்றுகிற காலி பாபின்களைக் கப்பியாக்கி, தையல் நூலைச் சுற்றி இழுத்தால் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. ஏணியைத் தூக்க மாட்டு மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழாய்கள் வாங்கினான். ஒன்று ஏணிக்கு அடியில், ஒன்று கையில், நடுவே தண்ணீர் நிறைந்த குளுக்கோஸ் டியூப். கையில் இருப்பதை அழுத்தினால் அங்கே ஏணி நிதானமாக எழும்பியது.

முதல் தடவை ஏணி முழுசாக நீண்டதும் வண்டி குப்புற விழுந்து ஒரு படி நசுங்கியது. நிஜ வண்டியில் இரண்டு பக்கமும் நாலு கால்கள் வெளியே வந்து தரையைப் பிடித்துக்கொள்ளும் என்பதைப் படத்தில் பார்த்திருந்தும் பிறகு செய்யலாம் என்று விட்டிருந்தான். அந்த நாலு கால்களையும் செய்து முடித்த பின்தான் வண்டி கம்பீரமாக நின்றது. மெயின்டனன்ஸ் ஷெட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். சுடலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

காப்பாற்ற வேண்டிய ஆளை வீரலட்சுமி துணியில் தைத்தாள். நீலக் கோட்டு, தலையில் துண்டு, மூன்றாம் மாடிப் பெண்கள் உடுத்துகிற அதே கோலம். பொம்மையின் வயிற்றுக்குள் ஒரு இரும்பு நட்டை வைத்துத் தைத்தாகிவிட்டது. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை ஏணிக் கூண்டில் ஒட்டினான். கூண்டு ஜன்னலுக்கு நேராக வந்ததும் பொம்மை தானாகக் குதித்து ஏறிவிடும், யார் கையும் படாது. இந்த யோசனைக்காக அவன் தன்னையே மெச்சிக்கொண்டான்.

கட்டடத்தைச் செய்யும்போது அவன் கைப்பழக்கம் முன்னுக்கு வந்துவிட்டது. வரைபடத்தை நம்புகிற ஆள் இல்லை அவன். டேப்பை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி அளந்து, இருப்பதை இருக்கிறபடியே பிளைவுட்டில் செய்தான். தண்ணீர்த் தொட்டி, மழைநீர்க் குழாய், ஜிஎம் அறையின் ஏசி எல்லாம் வந்தன. மூன்றாம் மாடி ஜன்னல்களுக்குக் கம்பியும் வந்தது. மெல்லிய செம்புக் கம்பியை நறுக்கி ஜன்னல் ஜன்னலாக, தகரச் சட்டத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தான். ஏன் வைத்தாய் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால், அங்கே இருக்கிறதே என்றுதான் பதில் சொல்லியிருப்பான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஹரீஷ்குமார் வந்து நிற்க, ஷெட்டில் முதல் ஒத்திகை. வண்டி வந்தது, கால்களை ஊன்றியது, ஏணி எழுந்து திரும்பி, நீண்டு, மூன்றாம் மாடியைத் தொட்டது. உள்ளே படுத்திருந்த பொம்மை காந்தத்தின் இழுப்பில் விருட்டென்று எழுந்து ஜன்னலுக்கு ஓடிவந்தது. வந்து, கம்பியில் முகத்தை அப்பிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கூண்டைக் கொஞ்சம் அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தான். பொம்மையும் கம்பிக்குப் பின்னால் அப்படியும் இப்படியும் அலைந்ததே தவிர வெளியே வரவில்லை.

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹரீஷ்குமாரும் சிரித்துக்கொண்டே, கம்பியை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். சுடலைமுத்து சிறு குறடை எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். நகம் வெட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அவன் முகம் செத்துப்போயிருந்தது. பொம்மையின் நீலக் கோட்டை அவன் கண்ணில் இருந்து விரட்ட முடியவில்லை.

வீட்டில் இதை வீரலட்சுமியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் சிரிக்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "பொம்மைக்கு எடுத்திய. எங்களுக்கு எப்ப எடுப்பிய?" என்று கேட்டாள்.

அன்றில் இருந்து அவள் விடவில்லை. போன மாசம் அயர்ன் டேபிளில் வயர் கருகிப் புகை வந்தபோது பெண்கள் எல்லாம் ஒரே படிக்கட்டுக்கு ஓடி ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்த கதையைச் சாப்பிடும்போது சொன்னாள். பஸ் ஏறும்போது சொன்னாள். நீங்கள் கேட்காவிட்டால் கண்காட்சிக்கு வருகிற பெரிய மனுஷர்களிடம் நானே கேட்கிறேன் என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டாள். மாடலுக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக் கன்னடமும் தமிழும் தெரிந்த ஒரு பெண் வேண்டுமென்று அவளைத்தான் ஹரீஷ்குமார் பொறுக்கி வைத்திருந்தார். அதனால் அது வெறும் மிரட்டல் இல்லை.

சுடலைமுத்து ஹரீஷ்குமார் அறைக்குப் போனான். கம்பியை அடியோடு எடுக்க வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஒரு ஜன்னல் போதும், கீல் வைத்து, உள்ளே இருந்து திறக்கிற மாதிரி கொண்டி போட்டுவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னான். ஹரீஷ்குமார் நல்ல மனுஷர்தான். குறுக்கே பேசாமல் கேட்டார். சரக்கு மறுபடி பறக்க ஆரம்பித்தால் தன் கழுத்துக்குத்தான் கத்தி வரும் என்று முதலில் தயங்கினார். பிறகு ஜிஎம்மிடம் பேசிவிட்டு வந்து, கண்காட்சி முடியட்டும், முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று தோளைத் தட்டினார். உன் பெர்மனென்ட் விஷயத்தையும் காதில் போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

சுடலைமுத்துவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னான். கீலும் கொண்டியும் வாங்கி வைத்திருப்பதையும் காட்டினான். கொண்டியைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "போட்ட பிறகு நம்புதேன்" என்றாள் வீரலட்சுமி. ஆனால் பழைய சூடு அவள் குரலில் இல்லை.

கல்யாண மண்டபத்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். எந்தக் கம்பெனி மேஜையிலும் இத்தனை பேர் மொய்க்கவில்லை. வீரலட்சுமி இஸ்திரி போட்ட நீலக் கோட்டில் நின்று ஊசிக்குழாயை அழுத்த, ஏணி எழுந்து போய்ப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் கைதட்டல். பின்னால் நின்ற சுடலைமுத்துவுக்கும் உள்ளுக்குள் பெருமை பொங்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

மத்தியானம் ஜட்ஜுகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் நாராயணப்பன், தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். புருவம் பாதி கருகி முளைக்காமல் போன முகம். மற்றவர்கள் ஏணியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சட்டத்தில் சின்னச் சின்னதாக ஈயப் பொட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. செம்புக் கம்பியைப் பிடுங்கியவன் அதன் தடத்தைத் தேய்த்து எடுக்கவில்லை. இங்கே ஏதோ இருந்திருக்கிறதே என்று கேட்டார். ஹரீஷ்குமார் சளைக்காமல், நிஜக் கட்டடத்தில் கம்பி உண்டு சார், திறக்கிற கம்பிதான், மாடலில் தெளிவாகத் தெரியட்டும் என்று எடுத்துவிட்டோம் என்றார்.

 நாராயணப்பன் வீரலட்சுமியின் பக்கம் திரும்பினார். ஹரீஷ்குமாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"நீ அந்த மாடியிலதானே பாப்பா வேலை செய்யற? ஏணி எட்டியும் ஜன்னல் தொறக்காம நின்னுட்டதை நான் பார்த்திருக்கேன். அதான் கேக்கறேன். பயப்படாம சொல்லு. உம் பேரு வெளிய வராது, நானே வந்து நின்னு எடுக்க வெக்கறேன்."

இப்படி ஒரு ஆள் வந்து, இப்படி ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அவள் இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தது. திறந்த வாயோடு ஒரே ஒரு கணம் புருஷனைப் பார்த்தாள்.

சுடலைமுத்து தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் ஆட்டினான். அந்த நேரத்தில் அவன் மனசில் ஓடியது என்னவென்றால், எப்படியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டி போடத்தானே போகிறோம், இப்போது எதற்குக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான். பெர்மனென்ட்டும் ஓடியது. அதை மறைக்க வேண்டியதில்லை.

"தொறக்கும் சார்" என்றாள் வீரலட்சுமி. "உள்ளேருந்து கொண்டி போட்டிருக்கு."

நாராயணப்பன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நல்லது என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். அவருக்கு வேறு என்ன செய்ய முடியும்? அங்கே வேலை செய்கிற பெண்ணே சொல்லிவிட்டாள்.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். பேப்பரில் போட்டோ வந்தது, ஏணி ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருக்க, பக்கத்தில் வீரலட்சுமி. கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ரிசப்ஷனில் நிறுத்தினார்கள். சரக்கு வாங்குகிற பையர்கள் வந்தால் முதலில் அதன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனது. அடுத்ததும் போனது. சுடலைமுத்து கீலையும் கொண்டியையும் பையில் போட்டுக்கொண்டே அலைந்தான். கடைசியில் ஹரீஷ்குமாரைக் கேன்டீன் பக்கம் மடக்கிக் கேட்டான். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"தொறக்கும்னு நாமதானே சொல்லிட்டோம், முத்து. தொறக்கற ஜன்னலை எதுக்கு வெட்டணும்னு கேக்கறாரு ஜிஎம். இப்ப போயி வெட்டினா, அன்னிக்கு பொய் சொல்லித்தான் பரிசு வாங்குனீங்களான்னு ஆயிடும். உன் சம்சாரம் பேரும் சேந்து வரும். கொஞ்ச நாள் போகட்டும்."

அப்போதுதான் சுடலைமுத்துவுக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் கம்பி போயிருக்கும். தான் ஆட்டிய தலை அந்தக் கம்பியை இன்னொரு தடவை பற்றவைத்துவிட்டது. முதல் தடவை பற்றவைத்தபோது விவரம் தெரியாது என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தடவை அந்தச் சாக்கும் இல்லை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வெட்டுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறியேவிட்டான். யாரிடமும் கேட்கக்கூடாது, வெட்டிவிட்டுப் பிறகு வருவதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கறுவிக்கொண்டுதான் ஏறினான். ஜன்னல் முன்னால் நின்று வயரையும் பிரித்துவிட்டான். சூப்பர்வைசர் ராமப்பன் டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தவர், என்ன வேலை முத்து என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ஃபேன் சத்தம் போடுவதாகச் சொன்னார்கள் என்று சுடலைமுத்து சொன்னான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனுக்கு எண்ணெய் விட்டுவிட்டு மெஷினோடு இறங்கி வந்தான். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் ஹரீஷ்குமார் சொன்னதைச் சொன்னான். வீரலட்சுமி சண்டை போடுவாள், போட்டால் தேவலை என்று எதிர்பார்த்தான். அவள் 'ம்' என்றாள். அதன் பிறகு ஜன்னல் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சோறு வடித்தாள். அந்த அமைதி அவனைப் பழைய சண்டைகளைவிட அதிகமாக அரித்தது.

ஜூன் மாசம் புதுப் பெண்களைச் சேர்த்தார்கள். அதில் நாலைந்து பேரை மூன்றாம் மாடியில் போட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து வந்து இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே சாரல். வீரலட்சுமி டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"நாட்றாம்பாளையத்துப் புள்ள ஒண்ணு வந்திருக்கா, ராஜாத்தின்னு பேரு. எம் பக்கத்து மிஷின்லதான் போட்டிருக்காவ. கம்பியப் பாத்துப் பாத்து மொத நாள்ல இருந்தே மெரண்டுகிட்டு கெடந்தா. கீழ ஒங்க வண்டியப் பாத்திருக்கா போல. நாந்தான் அதுல நின்னு வெளக்கம் சொன்னவன்னு யாரோ சொல்லியிருக்காவ. இன்னைக்கு வந்து, அக்கா, அந்தக் கொண்டி எங்க இருக்கு, எனக்கும் தொறந்து காட்டுங்கன்னு கேக்கா."

 நீ என்ன சொன்னாய் என்று சுடலைமுத்து கேட்டான்.

"என்ன சொல்லணும்ங்கிய? சும்மா எல்லாம் அதத் தொடக்கூடாது, ஆபத்துன்னா தானா தொறக்கும்னு சொல்லிட்டேன். ஒரு தடவ சொன்ன வாயி, ரெண்டாந் தடவ தடுக்கவே இல்ல."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தப் பிள்ளை நம்பிவிட்டாளா என்று கேட்டான்.

"நம்பாம? சரிக்கான்னு சொல்லிட்டு உக்காந்து தைக்க ஆரம்பிச்சிட்டா, பயமெல்லாம் போயிட்டு" என்றாள் வீரலட்சுமி. "சாயங்காலம் பாத்தா, மத்த புதுப் புள்ளைகளுக்கும் அவளே அதச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா."